குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் வயதை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

பிள்ளைக்கு ஒரு வயது முடிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. நம் பிள்ளையோ இப்போதுதான் தடுமாறாமல் உட்காரக் கற்றிருக்கிறது. அங்கன்வாடியில் எடை போட்டால் வளர்ச்சி அட்டையில் புள்ளி கீழே விழுகிறது. பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே, "என்னம்மா, பிள்ள இப்படி இளைச்சுக் கெடக்கு? பால் பத்தலையா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு கேள்வி தாயை இரவெல்லாம் தூங்கவிடாது. மறுநாளே மருந்துக்கடையிலிருந்து ஒரு மாவு டப்பாவும் ஒரு டானிக் பாட்டிலும் வீட்டுக்கு வந்துவிடும்.

அத்திப்பட்டிலிருந்து எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வரை இப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. குறைமாதத்தில் பிறந்து, சில வாரங்கள் இன்குபேட்டரில் இருந்து, அல்லாஹ்வின் அருளால் பிழைத்து வீடு வந்த பிள்ளைகள் அவர்கள். பிழைக்குமா என்று கவலைப்பட்ட நாட்களில் மருத்துவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் குடும்பம் கேட்டது. வீட்டுக்கு வந்த பிறகு வரும் இரண்டு வருடங்களுக்குத்தான் வழி சொல்ல ஆளில்லாமல் போகிறது. அந்த இரண்டு வருடங்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

கணக்கு எங்கே தவறுகிறது

கர்ப்பம் 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் எடை குறைந்த குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே என்றால் மிகவும் எடை குறைந்த குழந்தை. 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து செய்த மதிப்பீடு கூறுகிறது. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

இந்தக் குழந்தைக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று, பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது. மற்றொன்று, நாற்பது வாரம் நிறைந்து பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவது. இரண்டாவதை மருத்துவர்கள் 'திருத்திய வயது' என்கிறார்கள். எடை, உயரம், தலைச்சுற்றளவு, உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாவற்றையும் இரண்டு வயது வரை திருத்திய வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை; பத்து வாரம் முந்திவிட்டது. பிறந்து சரியாகப் பன்னிரண்டு மாதம் ஆன அன்று எடை 6.8 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் ஒரு வயதுப் பெண் குழந்தைக்குக் கீழ் எல்லை 7 கிலோ. எனவே அட்டையில் 'எடை குறைவு' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் பத்து வாரத்தைக் கழித்தால் அவளுடைய திருத்திய வயது ஒன்பது மாதம் இருபது நாள்தான். பத்து மாதப் பெண் குழந்தைக்குக் கீழ் எல்லை 6.7 கிலோ. அதே பிள்ளை, அதே தராசு. இப்போது அவள் எல்லைக்கு மேலே இருக்கிறாள். அவள் இன்னும் நடக்கவில்லையே என்ற கவலைக்கும் அவசியமில்லை. பத்து மாதப் பிள்ளை நடக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எல்லைக்கு மேலே, அதுவும் ஒட்டினாற்போல், இருப்பதால் அலட்சியமாக இருந்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. எதைப் பார்த்துக் கவலைப்படுவது என்று தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு வேண்டும் என்கிறோம். அங்கன்வாடிப் பணியாளரும் செவிலியரும் தேதியைப் பார்த்துத்தான் புள்ளி வைக்கிறார்கள். "இத்தனை வாரத்தில் பிறந்த பிள்ளை" என்று ஒவ்வொரு முறையும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த எண்ணம் நம் முன்னோர்களுக்குப் புதிதல்ல. பாலூட்டலின் முழுக்காலம் இரண்டு ஆண்டு என்று குர்ஆன் 2:233 கூறுகிறது. சுமப்பதும் பால்குடி மறக்கச் செய்வதும் சேர்ந்து முப்பது மாதம் என்று 46:15 கூறுகிறது. முப்பதிலிருந்து இருபத்து நான்கைக் கழித்து, கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள். இந்த வசனத்தின் விளக்கத்தில் இப்னு கஸீர், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்தொன்றைப் பதிவு செய்கிறார். ஒன்பது மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இருபத்தொரு மாதப் பாலூட்டல் போதுமானது, ஏழு மாதத்தில் பிறந்ததற்கு இருபத்து மூன்று மாதம், ஆறு மாதத்தில் பிறந்ததற்கு இருபத்து நான்கு மாதம் என்பது அதன் சாரம். இது சட்டக் கணக்கு, வளர்ச்சி அட்டையல்ல. ஆனாலும் வயிற்றில் குறைந்த நாட்களை மடியில் ஈடுகட்ட வேண்டும் என்ற பார்வை அதில் இருக்கிறது. "ஒரு வயசாச்சே, இன்னும் என்ன பால்?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஒரு கணக்கு மட்டும் மாறாது. தடுப்பூசிக்குத் திருத்திய வயது கிடையாது. பிறந்த தேதியிலிருந்து எண்ணி, அட்டவணைப்படியே போட வேண்டும். பிறந்தபோது எடை மிகக் குறைவாக இருந்து ஏதாவது ஊசியைத் தள்ளிவைத்திருந்தால், அதை மருத்துவரே எழுதித் தந்திருப்பார். "பிள்ளை சின்னதாக இருக்கே, கொஞ்சம் தேறட்டும்" என்று நாமாகத் தள்ளிப்போடுவது ஆபத்து. கக்குவான் இருமலும் தட்டம்மையும் இளைத்த பிள்ளையைத்தான் கடுமையாகத் தாக்கும்.

ஒரு புள்ளி போதாது

எடை போடுவதே கண்ணேறு என்று நினைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. பாதுகாப்புத் தேடி ஓத வேண்டியதை ஓதிக்கொள்வோம், எடையையும் போடுவோம். மாதம் ஒரு முறை, ஒரே தராசில், துணியில்லாமல் அல்லது மெல்லிய ஒரே உடுப்பில் போட்டால் போதும். வாராவாரம் போட்டுப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஒரு வயிற்றுப்போக்கிலேயே கால் கிலோ இறங்கி, பிறகு ஏறிவிடும்.

ஒற்றைப் புள்ளியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. புள்ளிகளை இணைத்தால் வரும் கோடுதான் முக்கியம். கோடு கீழ்ப் பகுதியில் இருந்தாலும் அட்டையின் வளைவுக்கு இணையாக மேலே ஏறிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் தன் வழியில் வளரும் பிள்ளை. கோடு படுத்துவிட்டாலோ, இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் நின்றாலோ, கீழே திரும்பினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். கூடவே உயரத்தையும் தலைச்சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். மூளையின் வளர்ச்சியைத் தலைச்சுற்றளவுதான் காட்டும். ஈடுகட்டும் வளர்ச்சி பொதுவாகத் தலையில் முதலில் தெரியும். எடையும் உயரமும் பின்னால் வரும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, நாடாவால் மேற்கையின் சுற்றளவை அளப்பார்கள். 12.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கவனம் தேவை. 11.5க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு, காத்திருக்கக் கூடாது.

பெரும்பாலான குறைமாதப் பிள்ளைகள் இரண்டு, இரண்டரை வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும், வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி தடைப்பட்டவர்களுக்கும் கூடுதல் காலம் பிடிக்கும். சிலர் கடைசி வரை சிறுகூடாகவே இருப்பார்கள். அத்தாவும் அம்மாவும் ஒல்லியாக, குள்ளமாக இருந்தால் பிள்ளை எங்கிருந்து பருமனாகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வேகமாகக் கொழுக்க வைப்பதும் சரியல்ல. குறைந்த எடையோடு பிறந்து, சின்ன வயதிலேயே அளவுக்கு மீறிப் பருத்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல். சர்க்கரை நோய் இல்லாத வீடே அரிதாகிவிட்ட நம் சமுதாயத்தில் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொழுகொழு கன்னம் நமக்கு இலக்கு இல்லை.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

திட உணவு தொடங்குவதும் திருத்திய வயதில்தான். ஏறக்குறைய ஆறு மாதத்தில், கழுத்து நின்ற பிறகு. பத்து வாரம் முந்திய பிள்ளைக்குப் பிறந்து ஆறு மாதம் ஆனதும் கூழ் ஊட்டத் தொடங்கினால் அவளுக்கு விழுங்கத் தெரியாது. எந்த மாதம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு வயது வரை தேன் நாக்கில் தடவவே வேண்டாம். குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். பேரீச்சம்பழத்தால் தஹ்னீக் செய்ய விரும்புகிறவர்கள், இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் அனுமதிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

வடசென்னை வீடுகளில் நாம் காணும் பெரிய தவறு, தண்ணீர். நீர்த்த கஞ்சி, பருப்புத் தண்ணீர், ஆட்டுக்கால் சூப். பாயா குடித்தால் எலும்பு வலுக்கும் என்று பாட்டிமார் நம்புகிறார்கள். நமக்கும் பாயா பிடிக்கும். ஆனால் இந்தப் பிள்ளையின் வயிறு அவளுடைய கைமுட்டி அளவுதான். அதைச் சாற்றால் நிரப்பிவிட்டால் சோற்றுக்கு இடம் ஏது? கரண்டியைச் சாய்த்தால் வழியாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். அதன்மேல் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டால் சுமார் 40 கலோரி கூடும். அளவு கூடாமலே சத்து கூடும். சூப்பில் வெந்த கறியை மிக்சியில் அரைத்துச் சோற்றோடு பிசையலாம். நோன்புக் கஞ்சி நல்ல உதாரணம். அரிசியும் பாசிப்பருப்பும் கறியும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன. காரம், உப்பைக் குறைத்துத் தண்ணீரை வற்றவிட்டால், வருடம் முழுவதும் பிள்ளைக்குத் தரக்கூடிய உணவு அது.

இரும்புச்சத்து தனிக்கதை. குழந்தை தன் இரும்புச் சேமிப்பின் பெரும்பகுதியைத் தாயிடமிருந்து கடைசி மூன்று மாதத்தில்தான் பெறுகிறது. அந்த மாதங்களை இழந்த பிள்ளை சேமிப்பு இல்லாமலே பிறக்கிறது. அதனால்தான் மருத்துவர் இரும்புச்சத்துச் சொட்டுமருந்து எழுதுகிறார். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பாதியில் நிறுத்தும் வீடுகள் ஏராளம். அது அந்த மருந்தின் இயல்பு. அளவை நாமாகக் கூட்டவும் கூடாது, அதிகமான இரும்பு விஷம். உணவில் ஈரல், ஆட்டுக்கறி, முட்டை, முருங்கைக்கீரை, அவற்றோடு ஒரு துளி எலுமிச்சை. டீயில் பன் நனைத்து ஊட்டுவதை நிறுத்துங்கள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு வயதுக்குப் பின் மாட்டுப்பாலும் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. பாட்டில் பாலால் வயிறு நிறைந்த பிள்ளை சோற்றைத் தள்ளிவிடும், இரத்தச்சோகையும் வரும்.

காசிமேட்டு மீன் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது நமக்கு வாய்த்த பாக்கியம். பால் பெருகும் என்று சுறாப்புட்டு கொடுப்பது வழக்கம். ஆனால் சுறா பெரிய மீன். பாதரசம் அதன் சதையில் சேரும். தாய்க்கும் பிள்ளைக்கும் நெத்திலி, சங்கரா போன்றவை மேல். முள்ளைக் கையால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு ஊட்டுங்கள்.

வாயைத் திறக்க மறுக்கும் பிள்ளை

பல வாரம் மூக்கு வழியாகக் குழாயில் பால் இறங்கிய பிள்ளைக்கு வாய் என்பது வலியின் நினைவு. கரண்டியைக் கண்டால் உதட்டை மூடிக்கொள்வாள். கட்டியாக ஏதாவது பட்டால் ஓங்கரிப்பாள். இது பிடிவாதம் அல்ல. மூக்கைப் பிடித்து ஊற்றுவதும், மடியில் அழுத்திப் புகட்டுவதும், செல்போனைக் காட்டித் தெரியாமல் திணிப்பதும் அந்த வெறுப்பை வளர்க்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு வேளையை இழுக்க வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவு, இடையில் ஒன்றிரண்டு சிறு தீனி. வீட்டார் சாப்பிடும்போது கூடவே உட்காரவைத்து, கையால் அளைய விடுங்கள். தட்டில் பாதி தரையில் கிடக்கும். கிடக்கட்டும்.

குடிக்கும்போது ஒவ்வொரு முறையும் இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ, வியர்த்துச் சோர்ந்தாலோ அது வேறு விஷயம். விழுங்குவதிலோ நுரையீரலிலோ இதயத்திலோ கோளாறு இருக்கலாம். பிறந்தபோது நெடுநாள் ஆக்சிஜனில் இருந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் பலவீனமாக இருப்பதுண்டு. அவர்கள் மூச்சு விடுவதற்கே கூடுதல் சக்தியைச் செலவிடுவதால், சாப்பிட்டும் எடை ஏறாது.

இங்கேதான் நம் ஊரின் காற்று கணக்கில் வருகிறது. ஒரு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், இன்னொரு பக்கம் வல்லூர் அனல்மின் நிலையம், சாம்பல் குட்டைகள், காமராஜர் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். மொட்டைமாடியில் காயும் துணியில் சாம்பல் படிவது அத்திப்பட்டு வாசிகளுக்குப் புதிதல்ல. அவற்றை ஒரு தாயால் நிறுத்த முடியாது. அதற்குக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் வேறு. வீட்டுக்குள் இருக்கும் புகையை மட்டும் நிறுத்த முடியும். குளிப்பாட்டியபின் சாம்பிராணி காட்டுவது, கொசுவர்த்திச் சுருள், அத்தாவின் சிகரெட். கொசுவுக்கு வலை போதும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

கண்ணும் காதும்

எடைக்கே எல்லாக் கவனமும் போய்விடுவதால் தவறிப்போவது இவை. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாக. விழித்திரையில் தவறாக வளரும் இரத்தக் குழாய்களை உரிய நேரத்தில் லேசரால் தடுக்காவிட்டால் பார்வை போய்விடும்; பிறகு மீட்க வழியில்லை. அந்தப் பரிசோதனை முடிந்த பிள்ளைகளுக்கும் மாறுகண், கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம். எனவே இந்த வயதில் மறுபடியும் காட்ட வேண்டும். காது கேட்கும் பரிசோதனை நடந்ததா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். இல்லையென்றால் இப்போதாவது செய்யுங்கள். காது கேட்காத பிள்ளையைப் 'பேச்சு தாமதம்' என்று மூன்று வயது வரை வைத்திருந்த குடும்பங்கள் உண்டு.

திருத்திய வயது ஒன்பது மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்காராவிட்டால், பதினெட்டு மாதத்தில் நடக்காவிட்டால், கைகால் விறைப்பாக இருந்தால், ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால் எடைக்காகக் காத்திருக்காமல் காட்டுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் பிறந்ததிலிருந்து 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பரிந்துரை பெறலாம். இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலோ சிகிச்சை பெற்ற பிள்ளைகள் அங்கேயே தொடர்வது எளிது. கடுமையான ஊட்டக்குறைவு உள்ள பிள்ளைகளுக்காக 2022 மே மாதம் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்துக்கு அங்கன்வாடிதான் வாசல். அங்கே தரும் சத்துமாவை மாட்டுக்குக் கொட்டாமல் நெய் விட்டுக் கிண்டிக் கொடுங்கள்.

குடும்பங்கள் கேட்கும் இரண்டு கேள்விகள்

இன்குபேட்டரில் இருந்தபோது தாய்ப்பால் வங்கியின் பால் கொடுத்தார்களே, பால்குடி உறவு உண்டாகுமா என்று பலர் கேட்கிறார்கள். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜித்தாவிலுள்ள பன்னாட்டு ஃபிக்ஹு பேரவை 1985இல், முஸ்லிம் நாடுகளில் இத்தகைய வங்கிகளை ஏற்படுத்துவதையும் அதன் பாலைக் கொடுப்பதையும் தடுத்துத் தீர்மானித்தது. யூசுஃப் அல்கர்ளாவி போன்றோர், மார்பில் குடிப்பதே உறவை உண்டாக்கும், வங்கிப் பால் அப்படியல்ல என்று அனுமதித்தார்கள். எத்தனை தடவை குடித்தால் உறவு ஏற்படும் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளும் வேறுபடுகின்றன. கொடுக்கப்பட்டது உண்மையா, எத்தனை நாள், ஒருவருடையதா பலருடையதைக் கலந்ததா என்று மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொண்டு உங்கள் ஆலிமிடம் காட்டுங்கள். பிற்காலத்தில் திருமணப் பேச்சு வரும்போது தேடுவதைவிட இப்போதே கேட்பது எளிது.

இரண்டாவது, ரமலான். பாலூட்டும் தாய்க்குத் தன்னைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ அச்சம் இருந்தால் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கச் சலுகை உண்டு. ஃபித்யா பற்றி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். எடை ஏறாத பிள்ளைக்குப் பால் கொடுப்பவர் அந்தச் சலுகையை ஏற்கத் தயங்குவதும், மாமியார் முகம் சுளிப்பதும் நடக்கிறது. அகீகாவும் முடியிறக்குவதும் ஏழாம் நாளில் முடியாமல் போனால் பின்னர் செய்துகொள்ளலாம். மொட்டைத் தலையிலிருந்து உடல் சூடு வேகமாக வெளியேறும் என்பதால், எடை தேறும் வரை முடியிறக்குவதைத் தள்ளிவைப்பதே நல்லது.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், தாய் சேய் அட்டை, கொடுத்துவரும் சொட்டுமருந்து பாட்டில்கள் மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளை நான்கைந்து நகல் எடுத்து வையுங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தாள் என்பது அதில்தான் இருக்கிறது. மின்சார ரயில் கூட்டத்தில் தொலைந்துபோனால், அடுத்த மருத்துவர் மறுபடியும் பிறந்த தேதியிலிருந்தே எண்ணத் தொடங்குவார்.